நேற்றுவரை சரியான விடை

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்தப் பழமொழியே சம்சுன்னிசாவைப் பார்த்துத்தான் உண்டாகியிருக்கும் என்பது அவள் கணவர் முகம்மது யூசுப்பின் கட்சி. அவள் சுற்றுலா வழிகாட்டி. உரிமம் வாங்கிக் கால் நூற்றாண்டு ஆகிறது. மதுரை, திருச்சி, கொழும்பு என்று எங்கெங்கிருந்தோ வருகிற தமிழ்க் கூட்டங்களை, ஒரு மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவுக்குள் நடத்திப் போவாள். பூக்கடைக்கு ஒரு கதை, கோயிலுக்கு ஒரு கதை, பள்ளிவாசலுக்கு ஒரு கதை. கழுத்தில் வேர்வை வழிய, எப்போது ஹோட்டலுக்குப் போவோம் என்று நிற்கிற ஆட்களைக்கூடச் சிரிக்க வைத்துவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு நாள் பாடாங் திடலின் ஓரத்தில் வாயடைத்துப் போயிற்று.

பாடாங்தான் அவளுடைய கடைசி நிறுத்தம். எதிரே பழைய நகர மண்டபத்தின் தூண்கள் தெரியும். கூட்டத்தை அங்கே நிழலில் நிற்க வைத்து, ஒன்றும் தெரியாதவள் போல ஒரு கேள்வி கேட்பாள்.

"இந்த நாட்டோட தலைநகரம் எதுங்க? சொல்லுங்க பார்ப்போம்."

கூட்டம் முழிக்கும். யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி, "சிங்கப்பூர்தானே?" என்பார்.

"அப்ப நாடு?"

"அதுவும் சிங்கப்பூர்தான்."

"ஊரும் அதே, நாடும் அதே, தலைநகரமும் அதே. இப்படி ஆனது எப்படின்னு சொல்றேன், கேளுங்க" என்று அவள் ஆரம்பித்தால், பஸ் ஓட்டுநர்கூட இறங்கி வந்து நிற்பார். அவருக்கு அந்தக் கதை மனப்பாடம். இருந்தாலும் வருவார்.

அன்றைக்கும் கேட்டாள். சொன்னார்கள். குடையைத் தூக்கினாள், வாயைத் திறந்தாள். கதை வரவில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, வருடம் தெரியவில்லை, கதையில் வருகிற பையனின் பெயர் தெரியவில்லை. முன்வரிசையில் நின்ற நடேசன் என்கிற பெரியவர், "சொல்லுங்கம்மா, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார்.

"முதல்ல போட்டோ எடுத்துக்குவோம். வெளிச்சம் நல்லா இருக்கு" என்றாள் சம்சுன்னிசா.

எல்லோரும் சந்தோஷமாகப் போட்டோவுக்கு வரிசைகட்டினார்கள். போட்டோ என்றால் சொர்க்கத்து வாசலிலிருந்துகூடத் திரும்பி வருகிற காலம் இது. யாரும் எதையும் கவனிக்கவில்லை. பஸ்ஸில் ஏறும்போது, கைப்பிடியைப் பிடித்த நொடியில், அந்தப் பெயர் தானாக வந்தது. ஜாஃபர். அவளுடைய சொந்த அண்ணன். உட்கார்ந்த இடத்தில் அந்தப் பெயரை மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தாள்.

ஜாஃபர் அவளைவிட ஆறு வயது மூத்தவர். நாகூர்க்காரர்கள் வழக்கப்படி அண்ணனை நானா என்றும் அப்பாவை வாப்பா என்றும்தான் கூப்பிடுவாள். அவர்களுடைய வாப்பா நாகூரிலிருந்து வந்து ஜாலான் புசார் தெருவில் ஆணி, திருகு, பூட்டு, கீல் விற்கும் கடை வைத்தவர். கடைக்கு மேல்மாடியில்தான் இரண்டு பேரும் பிறந்தார்கள். வாப்பாவுக்குப் பிறகு கடையை நானா பார்த்தார். அவர் பார்த்த லட்சணத்தில் கடை ஓகோவென்று ஓடவில்லை, மூழ்கவும் இல்லை. பாடாங்கில் அவள் சொல்கிற கதை நானாவின் கதைதான், அவர் பத்து வயதில் வகுப்பில் பட்டபாடு.

அந்த நானாவுக்கு அறுபத்தைந்து வயதில் மறதி வந்தது. முதலில் கடையை விற்றது மறந்தது. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு சாவி எங்கே என்று தேடினார். பிறகு பேரப்பிள்ளைகள் மறந்தார்கள், பிறகு பிள்ளைகள். கடைசியில் பராமரிப்பு இல்லத்தில் இருந்தபோது, முதல் கேள்விக்குச் சொன்ன பதிலையே எல்லாக் கேள்விக்கும் சொன்னார். உங்க பேர் என்ன என்றால் ஜாஃபர். மனைவி பேர்? ஜாஃபர். இது என்ன கிழமை? அதற்கும் ஜாஃபர்தான்.

சம்சுன்னிசா வாரம் தவறாமல் போவாள். பேசிப் பேசி மூளையை உசுப்பிவிட வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அவருக்குத் தெரிந்த ஒரே கதையிலிருந்து கேள்வி கேட்பாள். "நானா, நம்ம நாட்டோட தலைநகரம் எது?" அதற்கு மட்டும் ஜாஃபர் என்று அவர் சொன்னதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, "கோலாலம்பூர்" என்பார். "இல்ல நானா, சிங்கப்பூர்" என்று அவள் திருத்துவாள். அவர் முகம் அப்படியே விழுந்துபோகும். அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில், அதே திருத்தம். ஒரு தடவை அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. "படிச்சேனே" என்றார் சின்னக் குரலில். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியும் அந்த ஒரு சொல் அவளை விடவில்லை.

அதனால்தான் பாடாங்கில் கதை மறந்தது அவளுக்கு வெறும் மறதியாகப் படவில்லை. நானா போன வழியில் தானும் போகிறோம் என்று நினைத்தாள். கணவரிடம் சொல்லவில்லை. உட்லண்ட்ஸில் இருக்கும் மகள் யும்னாவிடம் சொல்லவே இல்லை. சொன்னால் அவள் உடனே வந்து நின்று, வேலையை விடு உம்மா என்று ஆரம்பித்துவிடுவாள்.

தனக்குத் தானே பரீட்சை வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். வீடு சுவா சூ காங்கில். அங்கிருந்து சின்ன ரயிலில் புக்கிட் பாஞ்சாங் வந்து, பெரிய ரயிலில் மாறி லிட்டில் இந்தியா போகவேண்டும். ரயில் கிளம்பியதும் கண்ணை மூடிக்கொண்டு நிலையங்களை வரிசையாக முணுமுணுப்பாள். கேஷ்யூ, ஹில்வியூ, பியூட்டி வோர்ல்ட். பக்கத்தில் இருப்பவர்கள் இறைவனைத் துதித்துத் தஸ்பீஹ் ஓதுகிறாள் என்று மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார்கள். ஒரு நாள் கண்ணைத் திறந்து கதவுக்கு மேலே இருந்த படத்தைப் பார்த்தால், ஹில்வியூவுக்கும் பியூட்டி வோர்ல்டுக்கும் நடுவே ஹியூம் என்று ஒன்று இருக்கிறது. இத்தனை நாள் அந்த வழியாகத்தான் போகிறோம், ஒரு நிலையமே காணாமல் போய்விட்டதே என்று பதறினாள். அப்புறம்தான் நினைவு வந்தது, அது பின்னால் புதிதாகத் திறந்த நிலையம். அப்பாடா என்று மூச்சுவிட்டாள். மூச்சுவிட்ட கையோடு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. நானாவுக்கும் புதியவைதானே முதலில் மறந்தன?

யூசுப் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெற்றிமேல் ஏற்றிவைத்த மூக்குக் கண்ணாடியை வீடு முழுக்கத் தேடுகிற மனிதர். ஆனால் மனைவி விஷயத்தில் கண் நன்றாகத் தெரியும். அடுப்பை அணைத்தோமா என்று அவள் மூன்றாம் முறை எழுந்து போனபோது கேட்டார்.

"என்ன சம்சு, என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல மச்சான்."

"ஒண்ணுமில்லைன்னா உட்காரு."

உட்கார்ந்தாள். சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அறுபது தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார். வாய்தான் அப்படிச் சொல்லிற்று. டீ குவளையைப் பிடித்திருந்த கை குவளையை விடவே இல்லை.

அவள் குழுக்களை அழைத்துப் போவதை நிறுத்தவில்லை. பாடாங் கேள்வியை மட்டும் விட்டுவிட்டாள். கேட்டால்தானே சொல்ல வேண்டும்? போட்டோ எடுத்து, கைகாட்டி, பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவாள். ஒரு மாதம் இப்படியே ஓடியது. பிறகு பயண நிறுவனத்திலிருந்து மோகனப்பிரியா போன் செய்தாள். குழுக்களைப் பிரித்துக் கொடுப்பது அந்தப் பெண்தான்.

"அக்கா, சனிக்கிழமை கோயம்புத்தூர் குரூப் உங்களுக்குத்தான். போன வருஷம் வந்தவங்களோட சொந்தக்காரங்களாம். தலைநகரம் கதை கட்டாயம் வேணும்னு கேட்டிருக்காங்க. நல்லா செஞ்சிடுங்க லா."

"செஞ்சிடலாம்" என்றாள். போனை வைத்துவிட்டு யூசுப்பைப் பார்த்தாள். "டாக்டர்கிட்ட போவோம் மச்சான். சனிக்கிழமைக்கு முன்னால எனக்குத் தெரியணும்."

கிளினிக்கில் இருந்த டாக்டர் ரக்ஷனாவுக்கு யும்னா வயதுதான் இருக்கும். யூசுப்பை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, சம்சுன்னிசாவை எதிரே உட்கார வைத்தாள். பழக்கதோஷத்தில் சம்சுன்னிசா மஞ்சள் குடையோடுதான் வந்திருந்தாள். அதை மடிமேல் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, பயப்படாதீங்க. சும்மா சில கேள்வி கேப்பேன். முதல்ல மூணு வார்த்தை சொல்றேன், திருப்பிச் சொல்லுங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கேப்பேன், ஞாபகம் வச்சுக்கணும். மாம்பழம், குடை, நாற்காலி."

சம்சுன்னிசா திருப்பிச் சொன்னாள். பிறகு கிழமை, மாதம், வருடம். எல்லாம் சரியாக வந்தன.

"இப்ப நாம எந்த நாட்டுல இருக்கோம்?"

"சிங்கப்பூர்."

"எந்த ஊர்ல?"

சிங்கப்பூர் என்பதுதான் பதில். ஆனால் இப்போதுதானே அதைச் சொன்னாள்? ஜாஃபர், ஜாஃபர், ஜாஃபர் என்று நானா சொன்னது காதுக்குள் கேட்டது. ஒரே பதிலை இரண்டாம் முறை சொன்னால் இந்தப் பெண் என்ன குறித்துக்கொள்வாள்? சுவா சூ காங் என்று சொல்லலாமா? அது பேட்டை, ஊர் ஆகுமா? வேறு நாட்டில் யாரும் இந்தக் கேள்விக்கு இப்படித் திணறமாட்டார்கள். அங்கே நாட்டுக்கு ஒரு பெயர், ஊருக்கு ஒரு பெயர்.

"டாக்டர், ரெண்டாவது தடவையும் சிங்கப்பூர்னு சொன்னா நான் குழம்பிட்டேன்னு நினைச்சுக்காதீங்க" என்றாள். "ரெண்டும் ஒண்ணா ஆனதுக்கு ஒரு கதை இருக்கு."

"சொல்லுங்க ஆன்ட்டி."

கதை வந்தது. மறைந்திருந்த இடத்திலிருந்து முழுசாக, உடுத்திக்கொண்டு வந்தது.

"இது முதல்லேர்ந்தே தலைநகரம் இல்ல, டாக்டர். வெள்ளைக்காரன் காலத்துல பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூணையும் ஒண்ணா வச்சு ஆண்டாங்க. தலைமை இடம் பினாங்குதான். வியாபாரம் இங்க பெருகினதும் 1832ல அதை இங்க தூக்கிட்டு வந்தாங்க. அதுக்கப்புறம் ரொம்ப காலம் கழிச்சு, 1963ல நாம மலேசியாவோட சேர்ந்தோம். நகர மண்டபத்துப் படியில நின்னுதான் அறிவிச்சாங்க. அன்னிலேர்ந்து நமக்குத் தலைநகரம் கோலாலம்பூர். எங்க நானா ஜாஃபர் அப்ப தமிழ்ப் பள்ளிக்கூடத்துல படிச்சாங்க. வாத்தியார் தினம் காலையில வந்ததும் ரெண்டு கேள்வி கேப்பாரு. நாடு எது, தலைநகரம் எது. ஒரு நாள் நானா மாட்டிக்கிட்டாங்க. தலைநகரம் சிங்கப்பூர்னு சொல்லிட்டாங்க. வாத்தியார் உள்ளங்கையில ரூலரால ரெண்டு போட்டாரு. கோலாலம்பூர்டா, நூறு தடவை சொல்லுன்னாரு. நானா கடையில ஆணிச் சாக்குமேல உட்கார்ந்து ராத்திரி பகலா கோலாலம்பூர், கோலாலம்பூர்னு உருப்போட்டாங்க. எனக்கு நாலு வயசு. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அடுத்த மாசம், ஆகஸ்டு ஒன்பது, 1965. திங்கட்கிழமை. காலையில ரேடியோவில சொல்லிட்டாங்க, மலேசியாவை விட்டுப் பிரிஞ்சாச்சுன்னு. ஜாலான் புசாரே அப்படியே நின்னு போச்சு. வாப்பா கடையைப் பாதி சாத்திட்டு ரேடியோ பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாங்களாம். தண்ணிகூட மலேசியாவிலேர்ந்துதானே வருது, என்ன ஆகப்போறோமோன்னு எல்லாருக்கும் பயம். மறுநாள் பள்ளிக்கூடம். வாத்தியார் வந்தாரு. அவருக்கும் என்னமோ யோசனை. பழக்கத்துல வாய் தானா கேட்டுடுச்சு, தலைநகரம் எது. நானா முதல் ஆளா எழுந்து கோலாலம்பூர் சார்னு கத்தினாங்க. வாத்தியார் நாற்காலியில உட்கார்ந்துட்டாரு. ரொம்ப நேரம் கழிச்சு, நேத்து வரைக்கும் அது சரிடான்னாரு. நானா விடல. அப்ப இன்னிக்கு எது சார்னு கேட்டாங்க. வாத்தியார் ஜன்னல் வழியா ரோட்டைப் பார்த்தாரு. போன மாசம் ஒரு பதில் சொன்னியே, அதுக்கு அடிச்சேனே, அதுதான்டா இன்னிக்குன்னாரு."

டாக்டர் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாடாங்கிலும் கூட்டம் அப்படித்தான் செய்யும். சம்சுன்னிசாவுக்கு உடம்பெல்லாம் லேசாயிற்று. எல்லாம் இருக்கிறது, வருடம், கிழமை, ஆணிச் சாக்கு, எதுவும் எங்கேயும் போய்விடவில்லை. இத்தனை நாள் வீணாக அல்லவா செத்துச் செத்துப் பிழைத்தோம் என்று நினைத்தாள். யூசுப்பைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

"ரொம்ப நல்லா சொன்னீங்க ஆன்ட்டி. இப்ப, ஆரம்பத்துல நான் மூணு வார்த்தை சொன்னேன்ல? அது என்னென்ன?"

சம்சுன்னிசா வாயைத் திறந்தாள்.

மூன்று வார்த்தை. டாக்டர் சொன்னாள், இவளும் திருப்பிச் சொன்னாள், அது மட்டும் நினைவிருந்தது. வார்த்தைகள் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. தலையைக் குனிந்தாள். மடியில் மஞ்சள் குடை கிடந்தது.

"குடை" என்றாள்.

"குட். இன்னும் ரெண்டு?"

ஜாலான் புசார் ரேடியோ கேட்டது. வாத்தியாரின் முகம் தெரிந்தது. அவள் ஒரு நாளும் பார்த்திராத முகம். அந்த இரண்டு வார்த்தைகள் வரவில்லை.

"பரவாயில்ல ஆன்ட்டி" என்று டாக்டர் குறிக்கப் போனாள்.

"டாக்டர், ஒரு மார்க்குகூடப் போடாதீங்க" என்றாள் சம்சுன்னிசா. "குடையும் ஞாபகத்துல வரல. மடியில இருக்கு. பாத்துத்தான் சொன்னேன்."

டாக்டர் பேனாவை மூடினாள். பிறகு மெதுவாகத்தான் சொன்னாள். இதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, பதற்றத்திலும் இப்படி ஆகும், தூக்கம் கெட்டாலும் ஆகும். ரத்தப் பரிசோதனை செய்வோம், தலையை ஸ்கேன் எடுப்போம், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம். வேலையை இப்போதே விட வேண்டியதில்லை. எல்லாம் நல்ல வார்த்தைகள்தான். சம்சுன்னிசா தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

கிளினிக்குக்குக் கீழே ஒரு காப்பிக்கடை இருந்தது. யூசுப் இரண்டு தே, அந்த ஊரில் டீக்கு அதுதான் பெயர், வாங்கி வந்து, ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார். அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், குடையையும் சேர்த்து.

"இதுக்கா இவ்வளவு? ஸ்கேன் வரட்டும், பாப்போம்" என்றார். "சனிக்கிழமை நானும் வர்றேன். பின்னாடி நிக்கிறேன். எங்கயாச்சும் நின்னுச்சுன்னா எடுத்துக் குடுக்கிறேன். எனக்கும்தான் அந்தக் கதை தெரியும்."

"கதை நிக்காது மச்சான். இன்னிக்குப் பார்த்துட்டேன். அது கடைசி வரைக்கும் இருக்கும். மத்ததுதான் போகும்."

யூசுப் குனிந்து தேயைக் கலக்கினார். ஏற்கெனவே கலக்கியதுதான்.

"நானா தப்பா சொல்லல" என்றாள் அவள். "அவங்க ஆணிச் சாக்குமேல உட்கார்ந்துகிட்டு, கஷ்டப்பட்டுப் படிச்சதைச் சரியா சொன்னாங்க. நான் வாராவாரம் போயி அந்தக் கையில மறுபடி மறுபடி அடிச்சிருக்கேன்." தன் உள்ளங்கையிலேயே சத்தம் கேட்க இரண்டு போட்டுக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு நாசூக்காகப் போனை எடுத்துக்கொண்டார்.

யூசுப் கையை நீட்டி அவள் கையைப் பிடித்தார். வெளியிடத்தில் அப்படிப் பிடிக்கிற மனிதர் இல்லை அவர்.

"ஒண்ணு கேக்கணும் உங்ககிட்ட" என்றாள். "ஒரு நாள் நீங்க என்கிட்ட நாடு எது, தலைநகரம் எதுன்னு கேக்கும்போது, நான் கோலாலம்பூர்னு சொல்லலாம். யும்னா திருத்தப் பாப்பா. அவ என்னை மாதிரி. நீங்க திருத்தாதீங்க. அவளையும் திருத்த விடாதீங்க."

"அப்படியெல்லாம் ஆகாது சம்சு."

"ஆனா?"

அவர் குவளையைத் தள்ளி வைத்தார். "நேத்து வரைக்கும் அது சரின்னு சொல்றேன். போதுமா?"

அவள் தலையை அசைத்தாள். "அந்த நேத்து வேணாம் மச்சான். அதைக் கேட்டா, அப்ப இன்னிக்கு எதுன்னு நான் கேப்பேன். சரின்னு மட்டும் சொல்லுங்க."

யூசுப் அவள் கையை விடாமல் ரோட்டைப் பார்த்தார். பஸ் ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. பிறகு திரும்பி, அவள் முகத்தைப் பார்த்து, பையனுக்கு வாத்தியார் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

"சரி."